திரையில் தெரியும் 24-ஐ நம்பலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்து விடும். திரையில் எண்ணாகத் தெரிவதை எல்லாம் அப்படியே நம்புவது. பக்கத்து வீட்டுக்காரர் "இன்னிக்கு வெயில் 38 டிகிரி இருக்கும்" என்றால் "அப்படியா?" என்று சந்தேகமாகக் கேட்போம். அதையே ஒரு டிஜிட்டல் திரை 38.4 என்று காட்டினால் மறுபேச்சு கிடையாது. புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் வந்து விட்டால் அதற்குத் தனி மரியாதை. அந்த மரியாதை நம் பர்சில் எவ்வளவு பெரிய ஓட்டை போடும் என்பதை என் வீட்டிலேயே கற்றுக் கொண்டேன்.

என் வீடு வேலப்பன்சாவடியில். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்து திரும்பி இரண்டு தெரு உள்ளே போக வேண்டும். மாடி வீடு. தலைக்கு மேல் மொட்டை மாடி, படுக்கை அறைக்கு மேற்குப் பார்த்த சுவர். ஏப்ரல், மே மாதங்களில் பகல் முழுக்கக் குடித்த வெயிலை அந்தச் சுவர் இரவு பதினோரு மணி வரை திருப்பிக் கொடுத்துக் கொண்டே இருக்கும். வீட்டில் இருக்கும் ஒரே ஏ.சி. அந்த அறையில்தான். கம்ப்யூட்டரும் அங்கேதான். அம்மா படுப்பதும் அங்கேதான்.

ஒரு கோடையில் முதலில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. மாலையில் வேலை செய்ய உட்கார்ந்தால் பிராசசர் மேல் இருக்கும் ஃபேன் விமானம் கிளம்புவது போலச் சத்தம் போடும். பத்து நிமிடத்தில் எல்லாம் மெதுவாகி விடும். கடைக்காரரிடம் கொண்டு போனேன். தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றிக் கொடுத்தார். சரியாகவில்லை. பெரிய கூலர் ஒன்று போடச் சொன்னார். அதையும் போட்டேன். அப்போதும் அதே கதைதான். "ரூம் சூடா இருக்கா சார்?" என்று அவர் கேட்டபோது, "ஏ.சி. ரூம்ங்க, 24 டிகிரி" என்று பெருமையாகச் சொன்னேன்.

அதே வாரத்தில் அம்மா இரண்டு மூன்று முறை சொன்னார். "ஏம்பா, ஏ.சி. ஓடுதா இல்லையா? வேர்க்குதே." நான் ரிமோட்டில் பட்டனை அழுத்தி, ஏ.சி. முகப்பில் அறை வெப்பநிலையை வரவழைத்துப் பார்த்தேன். 24. "கரெக்டா 24-ல இருக்கும்மா, உனக்குத்தான் அப்படித் தோணுது" என்று சொல்லி விட்டுத் திரும்பிப் படுத்தேன். அம்மா புடவைத் தலைப்பால் விசிறிக் கொண்டு படுத்திருந்தார். இதை எழுதும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது. வேர்த்துப் போன ஒரு மனுஷி எதிரில் இருக்கும்போது, நான் நம்பியது இரண்டு இலக்கங்களை.

ஏ.சி. மெக்கானிக் வந்தார். கேஸ் பிரஷர் பார்த்தார். "கேஸ் ஃபுல்லா இருக்கு சார். போர்டு போயிருக்கும். மாத்திடலாம்" என்றார். அவர் சொன்ன தொகையில் நல்ல மானிட்டர் ஒன்று வாங்கி விடலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

உண்மையைக் காட்டிக் கொடுத்தது கம்ப்யூட்டர்தான். மறுநாள் விடியற்காலை ஒரு அவசர வேலை. இரவு முழுக்க ஏ.சி. ஓடிக் கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் ஏழு மணி நேரம் அணைந்து கிடந்தது. அதை ஆன் செய்தவுடன், ஹார்ட் டிஸ்க் நிலையைப் பார்க்க நான் வைத்திருந்த கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாப்ட்வேர் திறந்தது. அதில் ஹார்ட் டிஸ்க்கின் வெப்பநிலை 31 என்று இருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஏழு மணி நேரம் ஓடாமல் கிடந்த ஹார்ட் டிஸ்க்கிற்குச் சொந்தச் சூடு ஏது? அறை என்ன சூட்டில் இருந்ததோ அதுதான் அதன் சூடு. ஆனால் சுவரில் ஏ.சி. இன்னமும் 24 என்று காட்டிக் கொண்டிருந்தது.

இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. ஒருவர் பொய் சொல்கிறார். மூன்றாவது சாட்சியாகக் கடையில் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி அம்மாவின் தலைமாட்டில் மாட்டினேன். 30.5 காட்டியது. மெக்கானிக்கை மறுபடி கூப்பிட்டு, "போர்டு இருக்கட்டும், முதலில் சென்சாரைப் பாருங்கள்" என்றேன். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார். அறையின் சூட்டை அளக்கும் சென்சார் தன் கிளிப்பில் இல்லை. கழன்று, உள்ளே இருக்கும் குளிர்ந்த காயிலின் மேல் சாய்ந்து கிடந்தது. முந்தைய வாட்டர் சர்வீஸின் போது யாரோ எடுத்தவர் திரும்ப மாட்டவில்லை. இரண்டு நிமிட வேலை. எந்தப் பாகமும் வாங்கவில்லை. அன்று இரவு அம்மா போர்வை கேட்டார். கம்ப்யூட்டர் ஃபேனும் அடங்கி விட்டது.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். திரையில் தெரிவது அறையின் சூடு அல்ல, சென்சாரின் சூடு. இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்னொரு கருவியை வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. ஒப்பிட்டுக் காட்டாதவர் கேட்கும் பணத்தைக் கொடுக்கவும் கூடாது.

சென்சார் என்பது என்ன?

ஏ.சி.க்குள் இருக்கும் அறை சென்சார் பெரும்பாலும் ஒரு தெர்மிஸ்டர். மிளகு அளவில் ஒரு தலை, இரண்டு மெல்லிய ஒயர்கள். அவ்வளவுதான். சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும். சூடு இறங்கினால் கூடும். பல ஏ.சி.களில் இது 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை. 30 டிகிரியில் அது சுமார் 8 கிலோ ஓம் ஆகி விடும். சில மாடல்களில் 5 அல்லது 15 கிலோ ஓம் வகையும் உண்டு. போர்டில் இருக்கும் சிப் இந்தத் தடையை அளந்து, டிகிரியாக மாற்றிக் காட்டுகிறது. சிப்புக்கு உங்கள் அறையைத் தெரியாது. அம்மாவைத் தெரியாது. ஓம் மட்டும்தான் தெரியும்.

சென்சார் காயிலைத் தொட்டுக் கொண்டிருந்தால் என்ன ஆகும்? கம்ப்ரசர் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் காயில் சில்லிட்டுப் போகும். சென்சார் "அறை குளிர்ந்து விட்டது" என்று சொல்லும். கம்ப்ரசர் நிற்கும். காயிலில் குளிர் குறைந்ததும் மறுபடி ஓடும். இப்படி நின்று நின்று ஓடினால் திரையில் 24 வரும். அறையில் 31 இருக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஃபில்டரில் தூசி அடைத்து அறைக் காற்று சென்சாருக்கு வராமல் போனாலோ, மேலே தேங்கும் சூடான காற்று மட்டும் அதைத் தொட்டாலோ, ஏ.சி. நிற்கவே நிற்காது. நடுங்கிக் கொண்டு படுப்பீர்கள். மின்சாரக் கட்டணமும் நடுங்க வைக்கும்.

இது நம் ஊர் ஏ.சி.க்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. குளிர் நாடுகளில் மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரிக்கும் பெல்லட் அடுப்பை வைத்து வீட்டைச் சூடாக்குவார்கள். பல அடுப்புகளில் அறை சென்சார் அடுப்பின் முதுகிலேயே ஒரு ஒயரில் தொங்கும். அடுப்பின் சொந்தச் சூடு பட்டு, "அறை கதகதப்பாகி விட்டது" என்று அது சொல்லி விடும். அடுப்பு தணியும். வீட்டில் இருப்பவர்கள் கம்பளியைத் தேடுவார்கள். அங்கே சூடு, இங்கே குளிர். தவறு ஒன்றுதான்: சென்சார் அறையைப் பார்க்கவில்லை, தன்னை வைத்திருக்கும் இயந்திரத்தையே பார்க்கிறது.

வானிலைத் துறைக்கே நடந்தது

"சின்ன ஒயர் விஷயத்தை இவ்வளவு பெரிதாக்குகிறீர்களே" என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2024 மே 29 அன்று டில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி என்று காட்டியது. நாடே அதிர்ந்தது. இந்தியாவில் அதுவரை பதிவான அதிகபட்சம் ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று பதிவான 51 டிகிரிதான். ஆனால் அதே நாளில் டில்லியின் மற்ற நிலையங்கள் எதுவும் 50-ஐத் தொடவில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை என்ன செய்தது? எண்ணை அப்படியே ஏற்றுக் கொள்ளவில்லை. அந்த நிலையத்திற்கு ஆட்களை அனுப்பி, தரமான கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தது. முங்கேஷ்பூர் சென்சார் சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று தெரிந்தது. அதற்கு அடுத்த நாள், மே 30 அன்று, நாக்பூரில் ஒரு தானியங்கி நிலையம் 56 டிகிரி என்றே காட்டியது. அதுவும் சென்சார் கோளாறு என்று துறை அறிவித்தது.

கவனியுங்கள். நாட்டின் வானிலைத் துறை தன் சொந்தக் கருவியையே சந்தேகப்பட்டது. பக்கத்து நிலையங்களைப் பார்த்தது. பிறகு அருகில் இன்னொரு கருவியை வைத்து ஒப்பிட்டது. என் அறையில் ஹார்ட் டிஸ்க்கும் இருநூற்றுச் சொச்சம் ரூபாய் தெர்மாமீட்டரும் செய்ததும் இதே வேலைதான். இந்த அளவு சந்தேகம் நமக்கும் வேண்டும்.

வானிலை நிலையங்களில் வெள்ளை அடித்த ஒரு மரப்பெட்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். நாலு பக்கமும் பட்டைப் பட்டையாகத் திறந்த சன்னல் போல இருக்கும். தெர்மாமீட்டர் அதற்குள் இருக்கும். வெயில் நேராகப் படக் கூடாது, சுவரின் சூடு தொடக் கூடாது, காற்று மட்டும் வந்து போக வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடு. நாமோ தெர்மாமீட்டரை மேற்குச் சுவரில் ஆணி அடித்து மாட்டி விட்டு, "ரொம்பக் காட்டுதே" என்கிறோம்.

உங்கள் கம்ப்யூட்டர் காட்டும் எண்களும் இப்படித்தான்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வெப்பநிலை காட்டும் சாப்ட்வேர் ஒன்றைப் போட்டு விட்டுப் பதறிப் போய்க் கேட்பதுண்டு. "சார், ஒரு இடத்தில் 127 டிகிரி காட்டுகிறது. மதர்போர்டு எரிந்து விடுமா?" எரியாது. மதர்போர்டில் சென்சார் மாட்ட இடம் இருந்து, அங்கே சென்சாரே மாட்டாமல் விட்டிருந்தால், சாப்ட்வேர் அந்தக் காலி இடத்தையும் படித்து ஏதாவது ஒரு எண்ணைக் காட்டும். எந்த வேலை செய்தாலும், சும்மா இருந்தாலும் கொஞ்சமும் மாறாமல் நிற்கும் எண்ணை நம்ப வேண்டாம். உண்மையான சூடு ஏறி இறங்கும்.

இன்னொரு உதாரணம். 2017-இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் பிராசசர்கள் வந்தபோது, அவை உண்மையான சூட்டை விட 20 டிகிரி கூட்டிக் காட்டின. அது கோளாறு அல்ல. ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்காக வேண்டுமென்றே வைத்த கூட்டல் என்று நிறுவனமே விளக்கியது. விளக்கத்தைப் படிக்காதவர்கள் பயந்து போனார்கள். எண் என்ன சொல்கிறது என்பதோடு, எதை வைத்துச் சொல்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

செல்போன் திரையில் வரும் வெப்பநிலையும் உங்கள் அறையுடையது அல்ல. அது உங்கள் பகுதியின் வெளிக்காற்றுக்கான மதிப்பீடு. இணையத்தின் வழியே வருகிறது. அதை வைத்து ஏ.சி.யைக் குறை சொல்லாதீர்கள்.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள். இவற்றில் எதற்கும் ஏ.சி.யைப் பிரிக்கத் தேவையில்லை.

1. ஏ.சி. முகப்பில் தெரிவது என்ன எண் என்று முதலில் தெரிந்து கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றில் அது நீங்கள் வைத்த எண். அதாவது உங்கள் ஆசை. அறையின் சூட்டைக் காட்டத் தனி பட்டன் இருக்கலாம். கையேட்டைப் பாருங்கள்.

2. ஒரு தெர்மாமீட்டரைப் படுக்கும் உயரத்தில், சுவரைத் தொடாமல், ஏ.சி. காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள். கதவைச் சாத்தி ஏ.சி.யை ஒரு மணி நேரம் ஓட விட்டு எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் சகஜம். நான்கு, ஐந்து என்றால் சென்சாரைச் சந்தேகப்படுங்கள்.

3. அந்தத் தெர்மாமீட்டரையும் சும்மா விடாதீர்கள். ஒயர் முனையில் சென்சார் உள்ளது என்றால், ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். முனையை நடுவில் மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். 0 காட்ட வேண்டும். 1.5 காட்டினால், அது கூட்டிக் காட்டும் கருவி என்று அறிந்து கொள்ளுங்கள்.

4. தெர்மாமீட்டர் இல்லையா? இரவு முழுக்க அணைத்து வைத்த கம்ப்யூட்டரைக் காலையில் ஆன் செய்து, முதல் ஒரு நிமிடத்திற்குள் ஹார்ட் டிஸ்க் வெப்பநிலையைப் பாருங்கள். அறைச் சூட்டிற்கு மிக அருகில் இருக்கும். தாமதித்தால் பயனில்லை. டிஸ்க் சுழன்று சொந்தச் சூடு ஏறி விடும். எஸ்.எஸ்.டி. இன்னும் சீக்கிரம் சூடாகும்.

5. ரிமோட்டில் "ஐ ஃபீல்" அல்லது "ஃபாலோ மீ" என்று ஒரு பட்டன் இருக்கிறதா? அதை அழுத்தினால் ஏ.சி. தன் சென்சாரை விட்டு விட்டு, ரிமோட்டுக்குள் இருக்கும் சென்சாரைக் கேட்கும். தெரியாமல் அதை அழுத்தி விட்டு ரிமோட்டை மானிட்டருக்குப் பின்னால் போட்டு வைத்தால், மானிட்டரின் சூட்டுக்கு ஏற்ப ஏ.சி. ஓடும். உங்கள் சென்சார் உண்மையிலேயே போயிருந்தால், புதியது வரும் வரை இதே பட்டன் கை கொடுக்கும்.

6. ஃபில்டரைக் கழுவுங்கள். ஏ.சி.யின் உட்புறத்தைத் தொடும் எந்த வேலையையும் மெக்கானிக்கிடம் விடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்த பிறகே அவரும் தொட வேண்டும். ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். சென்சார் கிளிப்பில் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். மல்டிமீட்டரில் சென்சாரின் தடையை அளந்து காட்டச் சொல்லுங்கள். அப்புறம் அதைக் கையில் பிடித்தால் எண் நிதானமாக இறங்க வேண்டும். இறங்காமல் குதித்தாலோ, அசையாமல் நின்றாலோ சென்சார் போயிற்று. அது போர்டின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

"ஒன்றிரண்டு டிகிரிக்கு இவ்வளவு பேச்சா?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. ஏ.சி.யின் எண்ணை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் மின் செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் துறை. அதனால்தான் 2020 ஜனவரி 1 முதல், ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி வந்தது. நல்ல விதி. ஆனால் சென்சார் 3 டிகிரி தப்பாகச் சொன்னால் உங்கள் 24 உண்மையில் 21 ஆகவோ 27 ஆகவோ இருக்கும். விதி காகிதத்தில் சரியாக இருக்கும். பணம் உங்கள் பையிலிருந்து போகும்.

எனவே தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, ஸ்டார் முத்திரை ஒட்டும் பெட்டியின் மேல், உள்ளே இருக்கும் சென்சார் எத்தனை டிகிரி வரை தப்பலாம் என்பதையும் அச்சிடுங்கள். இரண்டு, சென்சார் கூட்டியோ குறைத்தோ காட்டினால் அதைத் திருத்திக் கொள்ளும் வசதியை ரிமோட்டிலேயே கொடுங்கள். கைக்கடிகாரம் ஐந்து நிமிடம் பின்னால் ஓடினால் நாமே திருப்பி வைத்துக் கொள்கிறோமே, அது போல.

மெக்கானிக்குகளைத் திட்டுவது என் நோக்கம் அல்ல. கோடையில் ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறுகிறார்கள். போர்டை மாற்றுவது சீக்கிரம் முடியும். பொறுமையாக அளப்பது நேரம் எடுக்கும். அளக்கச் சொல்லி நாம் கேட்டால் அளப்பார்கள். நாம் கேட்பதில்லை. ஏனென்றால் நாமே அளப்பதில்லை.

அந்தச் சிறிய தெர்மாமீட்டர் இன்னமும் அம்மாவின் தலைமாட்டில் தொங்குகிறது. ஆனால் இப்போது முதல் சாட்சி அது அல்ல. அம்மா "வேர்க்குது" என்றால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். எண்ணை அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன்.